ஆத்தா வந்த வீட்டில் கிண்டல் கூடாது

மார்ச் 1, 1996. வெள்ளி

காந்திமதிக்குச் சின்னம்மை. குளிக்கக் கூட்டிப் போன அம்மா, தண்ணீர் ஊற்றாமலே திரும்பக் கூட்டிவந்தாள். முதுகில் ஆறேழு கொப்புளம்.

இந்தச் செய்தியை நான் எழுதியிருப்பதுபோல வீட்டில் சொல்லக் கூடாது. எதிர்வீட்டுப் பாக்கியம் அத்தை வேப்பிலைக் கொத்தோடு வந்து, நிலையில் செருகிவிட்டு, சட்டதிட்டங்களை அறிவித்தாள். அவளை யாரும் நியமிக்கவில்லை. ஆனாலும் எங்கள் தெருவில் அம்மனின் காரியதரிசி அவள்தான்.

"ஆத்தா வந்திருக்கான்னு மட்டும் சொல்லணும். யாருக்குன்னு பேரைச் சொல்லக் கூடாது. தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது. யாரும் இங்க வரக் கூடாது, இங்கருந்து யாரும் இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது. மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் அப்படித்தான்."

பிறகு என்னைப் பார்த்தாள். "கிண்டல் பேசக் கூடாது. ஆத்தாளுக்கு ஆகாது."

இருபத்துமூன்று வயதில், எம்.ஏ. வரலாறு முடித்து, வேலையில்லாமல் வீட்டிலிருப்பவனிடம் மிச்சமிருப்பது கிண்டல் ஒன்றுதான். அதற்கும் தடை. ஆகவே இந்த நோட்டு.

காந்திமதிக்கு ஒன்பது வயது. சம்பந்தத்துக்கு ஆறு. அவர்களுக்கு மேலே நான், எனக்கு மேலே மங்கை அக்கா. எனக்கும் காந்திமதிக்கும் நடுவே அப்பா நீண்ட விடுப்பில் இருந்திருக்கிறார்.

மாலையில் ஆலோசனைக் கூட்டம். பிரச்சினை அக்காதான். தூத்துக்குடியில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். ஏப்ரல் பத்தாம் தேதி, புதன்கிழமை வளைகாப்பு. அன்றே தலைப்பிரசவத்துக்கு இங்கே அழைத்து வரவேண்டும். அந்த நாளை விட்டால் அடுத்த நல்ல நாளுக்குள் பிள்ளையே பிறந்துவிடும், அப்புறம் அனுப்புவதற்கில்லை என்று சம்பந்தியம்மாள் சொல்லிவிட்டார். அக்காவுக்கோ இதுவரை அம்மை வந்ததில்லை. மாசமாக இருப்பவள் பக்கத்தில் இந்தக் காற்றே படக் கூடாது என்று டாக்டரும் சொல்கிறார், பாக்கியம் அத்தையும் சொல்கிறாள். இருவரும் ஒத்துப்போனது இதுவே முதல் முறை.

அம்மை கண்டவர்களுக்குப் பணிவிடை செய்த கையோடு அம்மா வளைகாப்புக்குப் போக முடியாது. எனவே அம்மா மேலத்தெருவில் மாமா வீட்டுக்குப் போகிறாள். அப்பா தன் அண்ணனுக்குப் போன் போட்டு, தனக்குச் சின்ன வயதில் வந்திருக்கிறதா என்று விசாரித்தார். இல்லை என்று பதில் வந்ததும் தலையணையோடு, தான் வேலை பார்க்கும் லாரி ஆபீஸுக்குக் கிளம்பினார். அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. சம்பந்தத்தை யாரும் ஏற்கவில்லை. காந்திமதியோடு ஒரே பாயில் படுத்தவன்.

"நீதான்டா அரசு பாத்துக்கிடணும். உனக்குத்தான் நாலு வயசுலயே வந்துருச்சே. ஒரு தடவ வந்துட்டா மறுபடி வராது" என்றாள் அம்மா.

உண்மைதான். நெற்றியில் புருவத்துக்கு மேல் தழும்பு இருக்கிறது. என் ஒரே தகுதிச் சான்றிதழ்.

மார்ச் 2

சமைத்தேன். தாளிக்காத ரசம் என்பது வெந்நீரின் தூரத்து உறவு.

மார்ச் 4

காந்திமதியைத் திட்டக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, கேட்டதைக் கொடுக்க வேண்டும். அவள் உடம்பில் இருப்பது அம்மன். பாக்கியம் அத்தை வாசலில் நின்றே கும்பிட்டு, "தாயே, என்ன வேணும்?" என்று கேட்டாள்.

காந்திமதி சற்று யோசித்தாள். "கணக்கு நோட்ட எரிச்சிரணும்."

அத்தை என்னைப் பார்த்தாள். எரிக்கவில்லை, பரணில் போட்டேன். இளநீர், நுங்கு, தலைமாட்டில் விசிறி என்று அம்மனின் தேவைகள் மதியத்துக்குள் பெருகின. சாயங்காலம் சேவு கேட்டாள். சாத்தூரில் இருந்துகொண்டு சேவு இல்லை என்று சொல்வது கஷ்டம். மூன்று கடைகளின் வாசனை ஜன்னல் வழியாக வருகிறது. எண்ணெய்ப் பலகாரம் ஆகாது என்றேன்.

"ஆத்தா கேக்குறேன்டா" என்றாள்.

'டா' என்றது அம்மன் என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 6

சம்பந்தம் காலையில் என் சிவப்பு மைப் பேனாவால் கை, வயிறு எல்லாம் புள்ளி வைத்துக்கொண்டு வந்து, "எனக்கும் ஆத்தா வந்துட்டா, நுங்கு குடு" என்றான். சோப்புப் போட்டு அம்மனை இறக்கினேன். ஒரு மணி நேரம் அழுதான்.

மார்ச் 8

அரிப்பு. சொறியக் கூடாது, வேப்பிலைக் கொத்தால் தடவலாம். மதியம் முழுக்கத் தடவினேன். கை வலித்து நிறுத்தினால் விழித்துக்கொள்கிறாள். அவளைத் தூங்கவைக்கப் பாண்டியர் காலத்து நிலவரி முறையைச் சொல்லிப் பார்த்தேன். உடனே பலன். இரண்டு வருடம் படித்ததற்கு முதல் பயன்.

டாக்டர் கொடுத்தனுப்பிய ரோஸ் நிற மருந்தைப் பூசலாமா என்று பாக்கியம் அத்தையிடம் கேட்டேன். புட்டியை வெயிலில் தூக்கிப் பார்த்தாள். "வெள்ளையா இருந்தா ஆகாது. இது பரவால்ல, கிட்டத்தட்ட குங்குமம்தான்."

மார்ச் 10

அக்கா போன் செய்தாள். லாரி ஆபீஸ் புண்ணியத்தில் எங்கள் வீட்டில் போன் உண்டு. டயலில் பூட்டு உண்டு. சாவி அப்பாவின் அரைஞாணில். ஆகவே வருகிற போனை மட்டும் பேசலாம்.

"பிள்ளைக எப்படிடா இருக்கு?"

"ஒருத்தி ராணி. இன்னொருத்தன் ராணியாக ஆசைப்படுறான்."

"நான் பத்தாந்தேதி வந்துருவேன்லடா?"

"வந்துருவே."

"இங்க அத்தை நல்லவுகதான்டா. ஆனா தண்ணி மோக்க எந்திரிச்சாக் கூடப் பின்னாலயே வாராக. எதுக்கு அழுகணும்னு தோணுதுன்னு தெரியல. அம்மாகிட்ட இருந்தா…"

அத்துடன் அவளுக்கு ஜலதோஷம் வந்துவிட்டது. சற்று நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். எனக்கும் இங்கே வேப்பிலைத் தூசி. இருவரும் போனை வைத்தோம்.

மார்ச் 12

காந்திமதிக்கு மூன்றாம் தண்ணீர். வெயிலில் வைத்த தண்ணீர், வேப்பிலை, மஞ்சள். ஊற்றி முடித்ததும் பரணிலிருந்த கணக்கு நோட்டை எடுத்துக் கையில் கொடுத்தேன். அம்மன் மலையேறிவிட்டாள் என்பதை அவள் முகத்தில் பார்த்தேன்.

நிலையில் செருகிய வேப்பிலையை எடுக்கலாமா என்று கேட்டதற்குப் பாக்கியம் அத்தை, "இன்னொன்னு இருக்கே" என்று சம்பந்தத்தைக் காட்டினாள். சந்தைக்கு வந்த ஆட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

மார்ச் 15. வெள்ளி

சம்பந்தத்துக்கு வந்துவிட்டது. இதுவும் வெள்ளிக்கிழமை. தெருவில் மரியாதை கூடியிருக்கிறது.

அவன் முதலில் மிகவும் சந்தோஷப்பட்டான். "நுங்கு குடு, விசிறு, கத சொல்லு" என்று ஒரே மூச்சில் உத்தரவு. மாலைக்குள் அரிப்பு ஆரம்பித்தது. "போதும்ணே, ஆத்தாள போகச் சொல்லு" என்றான்.

அப்பா தினமும் மாலையில் காய்கறிப் பையைக் கேட்டில் மாட்டிவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று குடும்ப நலம் விசாரிப்பார். இன்று செய்தி கேட்டதும் இன்னும் இரண்டடி பின்னால் போனார். அங்கே சாக்கடை.

மார்ச் 17

அம்மாவும் எதிர்வீட்டு வாசல் வரை வந்தாள். தெருவுக்குக் குறுக்கே உரக்கப் பேசினோம்.

"பத்தாந்தேதிக்குள்ள முடிஞ்சிருமாடா?"

"சம்பந்தம்தாம்மா கடைசி. அவனோட முடிஞ்சது."

"உனக்கு ஒண்ணுமில்லையே?"

"எனக்குத்தான் வந்தாச்சே."

"அதான. மூணு வருசம் இருக்கன்குடி மாரியம்மன் கோயில்ல உனக்கு மொட்டை போட்டது சும்மாவா."

தெரு முழுவதும் என் மொட்டைகளைப் பற்றித் தெரிந்துகொண்டது.

மார்ச் 21

சம்பந்தம் சொறிவதைத் தடுக்க அவன் கைகளில் தலையணை உறையைக் கட்டினேன். அதை வைத்துக் காந்திமதியை அடித்தான். அவள் இப்போது மனுஷி, திருப்பி அடிக்கலாம். ஆனால் அவன் அம்மன்; அடிக்கக் கூடாது. இந்த நியாயத்தை அவளுக்கு விளக்க முயன்று தோற்றேன்.

"நான் ஆத்தாளா இருந்தப்ப இவன் என்னைக் கிள்ளினான். அப்ப சாமிக்குத்தம் இல்லையா?"

கஞ்சி குடிக்க வா என்றேன். பாடப் புத்தகங்களிலும் இப்படிச் சில இடங்கள் உண்டு. அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார்கள்.

மார்ச் 26

சம்பந்தத்துக்கு மூன்றாம் தண்ணீர். ஆயிற்று. பத்தாம் தேதிக்கு நிறைய அவகாசம் இருக்கிறது. அக்காவிடம் போனில் சொன்னேன். இந்த முறை அவளுக்கு ஜலதோஷம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன சாப்பிடுவாள் என்று வரிசையாகச் சொன்னாள். மேலிருந்து கீழ்வரை எல்லாம் தாளித்தவை.

இனி வீடு முழுக்கக் கழுவிவிட வேண்டும்.

மார்ச் 29. வெள்ளி

வீடு கழுவினேன். உடம்பு அசதி. தலைவலி, கண்ணாடியை மாற்ற வேண்டும். முதுகில் கொசு கடித்திருக்கிறது.

மார்ச் 30

இந்த வருடம் கொசு அதிகம். சட்டைக்குள்ளேயே கடிக்கிறது. நகராட்சி மருந்தடிப்பதே இல்லை.

மார்ச் 31

வேர்க்குரு. பங்குனி வெயில் என்றால் சும்மாவா. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டேன்.

காந்திமதி என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, குனி."

"எதுக்கு?"

"குனியேன்." குனிந்தேன். "இது வேர்க்குரு இல்ல. நடுவுல தண்ணி நிக்குது பாரு. சம்பந்தம், இங்க வாடா. இது என்னதுன்னு சொல்லு."

சம்பந்தம் விரலால் தொட்டுப் பார்த்தான். அனுபவஸ்தன். "ஆத்தா" என்றான்.

"எனக்கு நாலு வயசுலயே வந்தாச்சு. ரெண்டாந்தடவ வராது. இது மருத்துவம்" என்றேன்.

"ஆத்தாளுக்கு மருத்துவம் தெரியுமா?" என்றான் சம்பந்தம்.

அக்காவின் போன் வந்தது. எல்லாரும் சௌக்கியம் என்று சொன்னேன். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். படித்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

வேர்க்குருதான். வேர்க்குருவாக இல்லாவிட்டால் அக்கா வர முடியாது. ஆகவே வேர்க்குரு.

ஏப்ரல் 1

வேர்க்குரு முகத்துக்கு வந்துவிட்டது. காய்ச்சல்.

ஏப்ரல் 2

காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தேன், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டுதான். பாக்கியம் அத்தை கோலத்திலிருந்து நிமிர்ந்து ஒரே பார்வை பார்த்தாள். மாவுக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

"தாயே!"

"அத்தை, இது வேர்க்குரு."

"தாயே, உள்ள போய்ப் படு தாயே."

அரை மணியில் அம்மா எதிர்வாசலில் வந்து நின்றாள். அப்பா சாக்கடை ஓரம். என்னைத் தவிப்போடு பார்த்தார்கள். காந்திமதியும் சம்பந்தமும் ஆளுக்கொரு பக்கம் என் கையைப் பிடித்து வாசல்படியில் உட்காரவைத்தார்கள், பிடிபட்டவனை ஒப்படைப்பதுபோல.

"என்னைக்குடா ஆரம்பிச்சது?" அம்மா கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை" என்றாள் காந்திமதி. "நாலு நாளா கொசு, வேர்க்குருன்னு சொல்லிக்கிட்டிருக்கு."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா அக்கா வர முடியாது."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்காகவா அக்காவுக்காகவா என்று தெரியவில்லை. "எனக்கு என் பிள்ளைக்குப் பிரசவம் பாக்கக் குடுத்து வைக்கலயே" என்று ஆரம்பித்தவள், பாதியில் நின்றாள்.

"உனக்குத்தான் வந்துருச்சேடா."

"ஆமா."

"ஒரு தடவ வந்தா மறுபடி வராதே."

"ஆமா."

"அப்ப இது என்னது?"

ஒரு தீப்பெட்டி லாரி போனது. அது போகும்வரை எல்லாரும் காத்திருந்தோம்.

"ஏங்க," அம்மா அப்பாவைப் பார்த்தாள். "அந்த வருசம் நம்ம வீட்டுல ஆத்தா வந்தது யாருக்கு?"

"நம்ம வீட்டுக்கு" என்றார் அப்பா.

"யாருக்குன்னு கேக்கேன்."

"பேரைச் சொல்லக் கூடாதுன்னு உங்க அம்மா சொன்னாங்க. நானும் கேக்கல. நான் அப்ப ஆபீஸ்ல படுத்திருந்தேன்."

"ரெண்டு பிள்ளைகளையும் ஒரே வேப்பிலையிலதான் போட்டிருந்தேன். மூணு தண்ணியும் ரெண்டுக்கும் சேத்துத்தான் ஊத்துனேன். ஆனா வந்தது ஒண்ணுக்குத்தான். அது நல்லாத் தெரியும். ஒரு பிள்ளைக்குத்தான் நேந்துக்கிட்டேன்."

"பையனுக்குத்தான மொட்டை போட்டீங்க மதினி?" என்றாள் பாக்கியம் அத்தை.

"ஆம்பளப் பிள்ளைக்குப் போட்டாப் போதும்னு எங்க நாத்தனார் சொன்னா. பொம்பளப் பிள்ளைக்கு முடி வளர்றது கஷ்டம்னு." அம்மா நெற்றியைத் தடவினாள். "அதுக்கப்புறம் எல்லாரும் மொட்டைத் தலையப் பாத்து இவனுக்குத்தான்னு பேசுனாங்க. நானும் பேசிட்டேன்."

"அப்ப நெத்தித் தழும்பு?" என்றேன்.

"அது நீ அம்மிக்கல்லுல விழுந்தது" என்றார் அப்பா. "அன்னைக்கு நான் வீட்ல இருந்தேன்."

அதாவது, எனக்கு இப்போது வந்திருப்பதால் அப்போது வரவில்லை. எனக்கு அப்போது வரவில்லையென்றால் வந்தது அக்காவுக்கு. இத்தனை நாளாக யாரைப் பொத்திப் பாதுகாத்தோமோ அவளுக்கு ஏழு வயதிலேயே வந்து போய்விட்டது. வரலாற்று முறைப்படி இது அனுமானம், சான்று வேண்டும்.

"போன் போடுங்க!" என்றாள் அம்மா.

அப்பா அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து, ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வீசினார். பூட்டு வாங்கிய நாளிலிருந்து அந்தச் சாவி அவரைப் பிரிந்தது இன்றுதான்.

தூத்துக்குடியில் சம்பந்தியம்மாள் எடுத்தார். நான் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, "இரிங்க தம்பி" என்று போனை மேஜையில் வைத்தார். தூரத்தில் குரல் கேட்டது. "மங்க, இங்க திரும்பி உக்காரு. சடையத் தூக்கு."

நான் காய்ச்சலோடு சுவரில் சாய்ந்து நின்றேன். திறந்த வாசல் வழியாக எல்லாருடைய கண்ணும் என் முகத்தில்.

திரும்ப வந்தார். "நான் தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது தினம் பாக்குறதுதான். பிடரியில, முடிக்குள்ள, மிளகு உக்காந்த மாதிரி ரெண்டு குழி. அம்மைத் தழும்புதான், எனக்குத் தெரியாதா? எங்க வீட்ல அஞ்சு பேருக்குப் பாத்தவ நான். இவளுக்கு வரலன்னு நீங்கல்லாம் சொல்லும்போதே நெனச்சேன். சம்பந்திக்குத் தெரியாதான்னு வாயத் தொறக்கல."

அக்கா போனைப் பிடுங்கினாள். "டேய், என் அம்மைக்கு நீ மொட்டை போட்டிருக்கியா!"

வாசலைப் பார்த்துக் கத்திச் சொன்னேன். அம்மா எதிர்வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். இருக்கன்குடித் திசையிலா, எனக்கா என்று சொல்வது கடினம். எனக்கு அம்மை வந்ததற்கு ஊரே சந்தோஷப்பட்டது. அப்பா சிரித்து நான் பார்த்தது நாலு வருடத்துக்குப் பிறகு.

ஏப்ரல் 4

பெரியவர்களுக்கு வந்தால் கடுமையாக வரும் என்கிறார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள்.

காந்திமதி கஞ்சி வைத்தாள். சம்பந்தம் வேப்பிலையால் தடவுகிறான். பாதி நேரம் கண்ணில் படுகிறது. "தூங்குறதுக்குக் கத சொல்லட்டா?" என்றான். பாண்டியர் நிலவரியைப் பற்றிச் சொன்னான். அவன் சொன்னதில் பிழை இல்லை. அது எனக்குக் கவலையளித்தது.

ஏப்ரல் 6

சம்பந்தியம்மாள் தானாகவே டாக்டரம்மாவிடம் அக்காவை அழைத்துப் போய்ப் பிடரியைக் காட்டியிருக்கிறார். முன்னமே வந்துபோனதுதான், பயமில்லை. ஆனால் பையனுக்கு எல்லாம் காய்ந்த பிறகு போகட்டும் என்று டாக்டரம்மா சொன்னாராம். புதன்கிழமையை மாற்றுவதில்லை என்று சம்பந்தியம்மாள் எங்களிடம் அறிவித்தார். முன்பு இதே குரலில் இதையே மிரட்டலாகச் சொன்னார். இப்போது ஆறுதலாக இருக்கிறது.

ஏப்ரல் 9

எனக்கு மூன்றாம் தண்ணீர். காந்திமதியும் சம்பந்தமும் ஆளுக்கொரு செம்பு. கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டது. டாக்டர் வந்து ஜன்னல் வழியாகப் பார்த்து, தலையசைத்தார். இருந்தாலும் இரண்டு நாள் பின்கட்டு அறையிலேயே இருக்கச் சொல்லி அம்மாவின் உத்தரவு. அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். பின்கட்டைத் தவிர மற்ற இடங்களை நான் கழுவியது போதவில்லையென்று மறுபடி கழுவுகிறாள்.

ஏப்ரல் 10. புதன்

வளைகாப்புக்குப் போகவில்லை. அறையில் படுத்திருந்தேன். சாயங்காலம் கார் சத்தம். பிறகு வளையல் சத்தம். அது நடந்து வருகிற வேகத்தில் அக்கா எவ்வளவு பெரிதாகியிருக்கிறாள் என்று தெரிந்தது. அப்பா ஏதோ சொல்லத் தொடங்கி இருமினார். அடுப்பங்கரையில் அம்மா கையிலிருந்து பாத்திரங்கள் விழுந்துகொண்டிருந்தன.

சற்று நேரத்தில் கூடத்தில் கூச்சல். "உதைக்குது! உதைக்குது!" என்று சம்பந்தம் கத்தினான். "நான் வச்சப்பத்தான் உதைச்சது, நீ வச்சப்ப இல்ல" என்றாள் காந்திமதி. சண்டை.

வளையல் சத்தம் பின்கட்டுக்கு வந்தது. ஜன்னலில் அக்கா. முகம் உப்பியிருந்தது. இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். என் மூஞ்சியை நிதானமாகப் பார்த்தாள்.

"சகிக்கலடா" என்றாள்.

"உன் சொத்து. இத்தனை வருசம் வச்சிருந்தேன், திருப்பிக் குடுக்க முடியல."

"கைய நீட்டு."

"அம்மா ரெண்டு நாள் கழிச்சுன்னு…"

"டாக்டரம்மாவே சரின்னுட்டாக. தாய்மாமன் நீ. கைய நீட்டுடா."

கம்பி வழியாக நீட்டினேன். பொருக்குத் தட்டிய கை. எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள், ஒரே ஒரு தடவை.

நான் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்காதான் எடுக்கச் சொன்னாள். அவளுக்குக் கால் வலிக்கிறதாம்.